பெட்ரோல் பங்க் போக்கே

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மஹினாவின் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கஞ்சி வைத்தால் ஒரு வாய், சூப் வைத்தால் அரை வாய். மருந்து அவருடைய நாக்கையே மரத்துப்போகச் செய்திருந்தது. படகில் இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்தவர், இப்போது சட்டைக்குள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது.

அன்று அம்மா வேலைக்குப் போன பிறகு, அப்பா தானாகவே வாயைத் திறந்தார்.

"போக்கே கிடைச்சா ரெண்டு வாய் சாப்பிடலாம்னு தோணுது, மஹினா."

போக்கே என்றால் தீவு ஊரான எங்கள் ஹீலோவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சூரை மீனைப் பச்சையாகவே துண்டு போட்டு, கடலுப்பு, கடற்பாசி, வறுத்துப் பொடித்த குக்குயி கொட்டை எல்லாம் சேர்த்துப் பிசறி வைப்பார்கள். அது பிடிக்காத வீடே இல்லை. ஆனால் எந்தக் கடைப் போக்கே நல்லது என்று பேச்செடுத்தால், கூடப் பிறந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமுவேலா பெரியப்பா உடனே வண்டிச் சாவியை எடுத்தார். துறைமுகக் கடையை விட்டால் வேறு எங்கே என்றார். மஹினா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா சாப்பிடப்போவதே ரெண்டு வாய். அது ஊரிலேயே நல்லதாக இருக்க வேண்டும், ருசி பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டாள்.

வெளியே மழை. ஹீலோவில் அதெல்லாம் ஒரு சேதியே இல்லை.

துறைமுகக் கடையில் ருசி பார்க்க ஒரு துண்டு கொடுத்தார்கள். மீன் நல்ல மீன்தான், ஆனால் நல்லெண்ணெயில் முங்கிக் கிடந்தது. மஹினா வேண்டாம் என்றதும் பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சந்தைக் கடையில் ஐஸில் உறையவைத்து உருக்கிய மீன். வாயில் போட்டால் வெறும் தண்ணீர்தான் விட்டது. மூன்றாவதாக மஹினா காட்டிய இடம் ஒரு பெட்ரோல் பங்க். அதன் பின்பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் ஊரே அத்தை என்று கூப்பிடும் ஹருயே அத்தை.

"பெட்ரோல் போடற இடத்துல மீனா?" என்று பெரியப்பா முணுமுணுத்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

யாருக்கு என்று அத்தை கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு என்று மஹினா சொன்னாள். அத்தை பெட்டியில் இருந்ததைத் தொடாமல், உள்ளே போய் அன்று காலையில் வந்த மீனை வெட்டி, புதிதாகப் பிசறி இரண்டு டப்பாக்களில் போட்டுத் தந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா நிற்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"பச்சையா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. சின்னக் கிருமி போனாக்கூட அவரு உடம்பு தாங்காது."

மஹினா டப்பாவைக் கீழே வைத்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"மூடி வை. நீங்க சாப்பிடுங்க. எனக்குப் பசி போயிடுச்சு" என்றார்.

அந்தப் பசி இனி எப்போது வரும்? மஹினாவுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு யோசித்தாள். போக்கே மிஞ்சிவிட்டால் மறுநாள் காலையில் என்ன செய்வோம்? எல்லா வீட்டிலும் வாணலியில் போட்டு வறுத்து, சோற்றோடு தின்போம். ஆனால் மிஞ்சியதைத்தான் வறுப்போம். புதுசை வறுத்தால் ஊரே சிரிக்கும்.

நன்றாக வெந்தால் அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். உள்வரைக்கும் வெந்தால் கொடுக்கலாம் என்றாள் அம்மா. மஹினா வாணலியை அடுப்பில் வைத்தாள்.

பெரியப்பா பதறி எழுந்தார். "இன்னிக்கு வந்த மீனுடி. இதைப் போய் யாராச்சும் வறுப்பாங்களா? அந்த அத்தை பார்த்தா அழுதுடுவா."

"அழட்டும் பெரியப்பா. அப்பா சாப்பிடணும்."

துண்டுகளைப் புரட்டிப் புரட்டி வறுத்தாள். ஒவ்வொன்றையும் பிட்டுப் பார்த்தாள். உள்ளே துளிச் சிவப்பு இல்லை. குக்குயி கொட்டையின் வாசனை வீடு முழுவதும் பரவியது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார்.

முதல் துண்டை வெகுநேரம் மென்றார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். பிறகு, "சோறு இருக்கா?" என்றார்.

அம்மா சோறு எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

தட்டைக் காலி செய்துவிட்டு அப்பா நிமிர்ந்தார். "இன்னும் இருக்கா?"

பெரியப்பா அப்போதுதான் தனக்கென்று இரண்டாவது டப்பாவின் மூடியைத் திறந்திருந்தார். டப்பாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். எழுந்து போய், அடுப்பைப் பற்றவைத்து, அத்தனையையும் தானே வாணலியில் கொட்டினார்.