ஐம்பத்து நாலு நிமிடமும் ஆறு நிமிடமும்

கிட்ட வந்து உட்காருங்க, என் கண்ணுங்களா. ஒரு சாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மனசு கனக்கும். ஆனால் யார் செய்தது, எப்படிச் செய்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். பாதியில் எழுந்து போகாதீர்கள்.

1988, மாசி மாதம், வெள்ளிக்கிழமை. பிற்பகல் மணி மூன்று.

ஒதியம்பட்டுக்கு வெளியே இருந்த தனியார் விதைநெல் கிடங்கில், வண்டு மருந்து வைத்து மூடியிருந்த அறையின் கதவைக் குழந்தைவேல் திறந்தான். உள்ளே ஆரோக்கியம் குப்புறக் கிடந்தான். முகமூடி முகத்திலேயே இருந்தது. உயிர் இல்லை.

3.40. சப் இன்ஸ்பெக்டர் நடேசன் வந்தார். கிடங்கின் வேலை முறையைக் கேட்டுக்கொண்டார்.

மூட்டைகளுக்கு நடுவே நாற்பது தட்டுகளில் மருந்து வில்லைகளை வைத்து மூன்று நாள் மூடுவார்கள். பிறகு ஒருவன் முகமூடியோடு போய், தட்டுகளில் மிஞ்சிய சாம்பலை வாளியில் கொட்டித் தட்டுகளைக் கதவோரம் அடுக்குவான். முகமூடி இருபது நிமிடம் தாங்கும். அவன் உள்ளே போய்க் கதவு மூடியதும் கம்ப்யூட்டர் எண்ணத் தொடங்கும். பதினைந்தாவது நிமிடம் மணி அடிக்கும். கதவுக்குத் தாழ் வெளிப்பக்கம் மட்டும்தான்; வெளியே நிற்பவன் அப்போதுதான் திறக்க வேண்டும். மீதித் தட்டுகளை அடுத்த முறை போய் எடுப்பார்கள். அந்த மருந்து பித்தளையை அரித்துவிடும் என்பதால், உள்ளே போகிறவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே நிற்பவனிடம் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாளர் தெய்வநாயகம். சலவைச் சட்டை, அமைதியான முகம். ஒரு தாளை நீட்டினார்.

"ஆறு நிமிஷம் சார். கதவு மூடினதுலேர்ந்து தொறந்த வரைக்கும் மெஷின் எண்ணினது அவ்ளோதான். ஆறு நிமிஷத்துல சாவுறான்னா முகமூடிய ஒழுங்கா கட்டலன்னு அர்த்தம். கட்டி வுட்டவன் இவன்தான்."

நடேசன் குழந்தைவேல் பக்கம் திரும்பினார்.

"எப்ப உள்ள போனாரு?"

"ரெண்டு ஆறுக்கு சார். வாட்ச்ச கையில வாங்கினப்ப பார்த்தேன்."

"அப்ப ஐம்பத்து நாலு நிமிஷம் இன்னாடா பண்ண?"

"ரெண்டு முப்பத்து மூணுக்கு ஓடிப்போய் தெய்வநாயகம் சார்கிட்ட கேட்டேன். திரையக் காட்டினாரு. மூணு நிமிஷம்னு போட்டிருந்திச்சு. ஆரோக்கியம் வாட்ச்சு பழசு சார், முந்திக்கினே ஓடும். என்னைவிட அதுக்குத்தான் அவசரம்னு அவரே சிரிப்பாரு. வாட்ச்சுதான் தப்புன்னு நெனச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. தட்டிப் பார்த்தேன், சத்தமில்ல. தொறந்துட்டேன்."

வாசலில் ஆரோக்கியத்தின் மனைவி ரோசம்மாள் தலைவிரி கோலமாக நின்றாள். "அவன வுடாதீங்க சார்," என்றாள். ஆறு மணிக்கு ஜீப் குழந்தைவேலை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கொலைக் கேஸ். அவனுக்கு வீட்டில் மூன்று பெண் குழந்தைகள்.

4.45. காற்றை வெளியே தள்ளும் காற்றாடி ஓடி அறை சுத்தமான பிறகு நடேசன் உள்ளே போனார். கதவோரம் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எண்ணினார். இருபத்திரண்டு. மீதியிருந்தவற்றில் ஒன்றைத் தானே எடுத்தார். மூட்டைச் சந்தில் நுழைந்து, சாம்பலைக் கொட்டி, கதவோரம் வைத்துவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்தைந்து விநாடி.

வெளியே வந்து தட்டச்சு வேலை செய்யும் சுலோசனாவைக் கூப்பிட்டார். அரியாங்குப்பத்துப் பெண்.

"இன்னிக்கி மெஷின் எப்படிம்மா ஓடிச்சு?"

"காலையில நல்லாத்தான் சார். ரெண்டு மணிக்கு மேல தூங்குமூஞ்சி ஆயிடுச்சு. நான் ஒரு எழுத்து அடிச்சா அது வர்றதுக்குள்ள ஒரு வாய் டீ குடிச்சுடலாம்."

"எப்ப சரியாச்சு?"

"எல்லாரும் கத்திக்கினு ஓடினோமே, அப்ப. நான் எழுந்திருக்கேன், மாட்டிக்கினு இருந்த எழுத்தெல்லாம் மடமடன்னு வந்து வுழுந்துச்சு."

"யார் எந்த வேலைய எப்ப ஓட்டினாங்கன்னு மெஷின்ல குறிப்பு இருக்குமா?"

"முடிஞ்ச வேலைக்கெல்லாம் இருக்கும் சார். யாரும் அதப் படிக்கறதில்ல."

5.30. நடேசன் எல்லோரையும் கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறையில் கூட்டினார். கையில் சுலோசனா எடுத்துக் கொடுத்த தாள்.

"ஆறு நிமிஷத்துல இருபத்திரண்டு தட்டு எடுக்க மனுஷனால ஆவாது. இருபது நிமிஷம் ஆவும். முகமூடி தாங்குற நேரமும் அதான். அப்ப முகமூடி கடைசிவரைக்கும் சரியாத்தான் இருந்திருக்கு. கட்டினவன் மேல தப்பில்ல."

"மெஷின் பொய் சொல்லுமா சார்?" என்றார் தெய்வநாயகம்.

"சொல்லல. ஏரி வாய்க்கால்ல முறைத் தண்ணி வுடுறோமே, அது மாதிரிதான் இந்த மெஷினும். ஒரே தண்ணி, பல வயல். இதுக்குக் கொஞ்சம், அதுக்குக் கொஞ்சம்னு மாத்தி மாத்திப் பாயுது. மணியடிக்கிற வேலைக்கு நீங்க வெச்ச கடிகாரம் சுவர்க் கடிகாரம் இல்ல. அதோட வயல்ல தண்ணி பாயுற நேரத்த மட்டும் எண்ணுது. முறை போயிடுச்சுன்னா கடிகாரம் நின்னுடும். வேற வேலை இல்லாத நாள்ல ஓயாம அதுக்கேதான் பாயும், ரெண்டு நேரமும் ஒண்ணாத் தெரியும். அதனால யாருக்கும் சந்தேகம் வரல."

தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னிக்கி ரெண்டு மணி ஒரு நிமிஷத்துல உங்க பேர்ல எட்டு வேலை ஏறியிருக்கு. எதுக்குமே விடை கேக்கல, சும்மா கணக்கக் கூட்டிக்கினே இருந்திருக்கு. எட்டோட மணி வேலையும் சேர்ந்தா ஒன்பது. ஐம்பத்து நாலை ஒன்பதால வகுத்தா ஆறு. குழந்தைவேல் வந்து கேட்டப்ப இருபத்தேழு; வகுத்தா மூணு. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். மூணு மணி ரெண்டு நிமிஷத்துல எட்டு வேலையும் நின்னுருக்கு. அப்ப எல்லாரும் கதவாண்ட ஓடினாங்க. நீங்க மட்டும் இந்த ரூம்ல இருந்தீங்க."

ரோசம்மாள் முன்னே வந்தாள்.

"பழைய சொத்தை வெதைய புதுப் பையில போட்டு, இவரு மெஷின்ல தேதிய மாத்துறாருன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கினு இருந்தாரு சார். திங்கக்கெழம வெவசாய ஆபீஸ்ல போய் புகார் எழுதிக் குடுக்குறேன்னாரு. இவர்கிட்டயே சொல்லிட்டேன்னாரு."

"நான் அவனத் தொடவே இல்ல," என்றார் தெய்வநாயகம்.

"தொடல. இருபத்தேழாவது நிமிஷத்துல ஒருத்தன் ஓடி வந்து கேட்டான். நீங்க திரையக் காட்டினீங்க. கொலை அங்கதான்," என்றார் நடேசன்.

ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறியது தெய்வநாயகம்.

மறுநாள் காலை. குழந்தைவேல் தன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கையில் இருந்த வாட்ச்சை நம்பாமல் திரையை நம்பினோமே என்பது அவனைத் தின்றுகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. ரோசம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அப்பவே தொறந்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

பிழைத்திருப்பான் என்றும் சொல்ல முடியாது, மாட்டான் என்றும் சொல்ல முடியாது.

"அவரு பெட்டிய தூக்க நாலு பேர் வேணும்," என்றாள். "மூணு பேர்தான் இருக்காங்க. எழுந்து வா."

அவன் எழுந்து போனான்.

அவ்வளவுதான், கண்ணுங்களா. உங்க வூட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் போன கால் நோகாமல் பொழுதோடு திரும்பி வரட்டும். உங்க அடுப்பு அணையாமல் இருக்கட்டும். கதவைத் தட்டினால் திறக்க எந்நேரமும் ஓர் ஆள் உங்க வூட்டில் இருக்கட்டும்.