துடைக்கச் சொன்ன சந்தனம்

"யுனிவர்சிட்டி ஒண்ணு," என்றார் சேவுகன்.

நடத்துநர் நெஞ்சுமானியை அவர் வாய்க்கு நேரே நீட்டினான். வெற்றிலைப் பெட்டியைவிடச் சின்னது. முகப்பில் பதினெட்டு என்று எண் விழுந்தது.

"என்ன பெருசு, பதினெட்டுதான் வருது? போக மனசில்லையா?"

பக்கத்து இருக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சேவுகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். மனசில்லைதான். அதைச் சொல்ல ஒரு பெட்டி வேறு வேண்டுமா?

யார் குரலை வேண்டுமானாலும் இயந்திரமே செய்துவிடலாம் என்று ஒரு காலம் வந்ததல்லவா, அதன் பின்னால் வந்த பெட்டி இது. செத்தவன் பேசினான். வாயே திறக்காதவன் பேசியதாக ஊரெல்லாம் கேட்டது. எதை நம்புவது என்று தெரியாமல் ஜனம் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது நெஞ்சுமானி வந்தது. மனசார வருகிற சொல்லில், காதுக்கு எட்டாத ஓர் அதிர்வு தொண்டையில் உண்டாம். அதை அது எண்ணிச் சொல்லுமாம். நூற்றுக்கு எழுபது வந்தால் மெய். கீழே போனால் வாயிலிருந்து வந்த வெறுங்காற்று. இப்போது பெண் பார்க்கப் போனாலும் மடியில் அதுதான். டாக்டர் "சரியாயிரும்" என்றால், நோயாளியை விட்டுவிட்டு எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

சேவுகனுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் இருபத்தெட்டு வருஷம் அதே பல்கலைக்கழகத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடா ஓட்டியவர். பேரேட்டில் கடைநிலை ஊழியர் என்றிருந்தாலும், குமிழைத் திருகி முள்ளைப் பார்த்தவர் அவர்தான். குரலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசலில் இறங்கியவர் நின்றுவிட்டார். வளைவுக்குக் கீழே பேராசிரியர் நாகலிங்கத்தின் படம். செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. படத்துக்கு அடியில் பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள்: 'சந்தனத்தைத் துடைத்துவிடு.'

"என்னய்யா இது?" என்று காவலாளியைக் கேட்டார்.

"அவரு சொன்ன தத்துவமாம். பெருமை பீத்தாம இருக்கணும்ங்கிறது. புள்ளைக பரீட்சையில பத்துப் பக்கம் எழுதுதுக."

சேவுகன் வேகமாக உள்ளே நடந்தார். யாரோ முதுகைப் பார்ப்பது போலிருந்தது.

ஆவணக் கூடத்து அதிகாரி நிறைமதி சின்னப் பெண். எழுந்து வந்து நாற்காலி போட்டாள். ஆனால் சேவுகனுக்கு உட்காரத் தோன்றவில்லை. அவர் அடுக்கி, பேர் எழுதி ஒட்டிய நாடாக்கள் ஒன்றையும் காணோம். இரும்பு அலமாரிகள் பல் கொட்டின வாயாகக் கிடந்தன.

"எங்க தாயி எல்லாம்?"

"அழிச்சாச்சுங்கய்யா. எழுபதுக்குக் கீழ உள்ள பதிவை வைக்கக்கூடாதுன்னு உத்தரவு. போலியோ நெசமோ, மனசில்லாத பேச்சு எதுக்குன்னு."

"நாகலிங்கம் அய்யா பாடம்? இருநூத்திப் பன்னெண்டு நாடா. நானே புடிச்சேன்."

"ஒம்பது, பதினாலு, பதினொண்ணு. அதுக்கு மேல ஏறவேயில்ல."

முப்பது வருஷம் ஒரே பாடத்தைச் சொன்ன மனுஷர். உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும் அவருக்கு. நடுக்கம் எங்கிருந்து வரும்? மனுஷர் யோக்கியர் என்று சேவுகன் சொல்லமாட்டார். ஆனால் பாடம் நல்ல பாடம். கதவுக்கு வெளியே நின்று கேட்ட இவருக்கே பாதி புரிந்தது.

"அப்ப என்னதான் மிஞ்சுச்சு?"

"மேடையில மின்சாரம் தாக்கினப்ப ஒருத்தர் போட்ட சத்தம். விடுதியில ஒரு பையன் அழுதது. அப்புறம் உள்ளூர்க் கலையில பதினேழு. அதுல தலையாயது நம்ம ராக்கு அம்மாவோட ஒப்பாரி. தொண்ணூத்தெட்டு! இந்தக் கட்டடத்துலயே அதான் ஒசத்தி. மாவட்டத்துல இருக்கிற எல்லா மின்மயானத்துலயும் போடப் போறோம், அழ ஆளில்லாதவங்களுக்கு. நேர்ல பார்த்த சாட்சி ஒருத்தர் ஒப்புதல் குடுத்தாப் போதும். அன்னைக்கு அங்க இருந்ததுல உயிரோட இருக்கிறது நீங்க மட்டுந்தான்."

"ஏமாத்தி வாங்குன பாட்டுன்னா?"

"சாட்சி அப்படிச் சொன்னா அழிச்சிரணும். விதி." அவள் சிரித்தாள். "இதுல அதுக்கு ஏது இடம்?"

அதைச் சொல்லத்தான் சேவுகன் வந்திருந்தார். சாவதற்குள் ஒருதடவை, ஒரு மனுஷ முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை எழுந்து வந்தாள். அறுபது வயசிருக்கும். கையில் வாழைநார் கட்டிய பனங்கிழங்குக் கட்டு.

"என்னைத் தெரியுதாண்ணே? சிட்டு. ராக்கு மக."

சேவுகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவள் வருவாள் என்று யாரும் சொல்லவில்லை.

"முதல்ல பதிவைக் கேட்டுருவோம்," என்று நிறைமதி பொத்தானை அழுத்தினாள்.

இரைச்சல். பிறகு நாகலிங்கத்தின் குரல், அவசரமாக, அடங்கின குரலில்: "சேவுகா, சந்தனத்தைத் துடைச்சுவிடு. அந்தம்மா வருது."

முகப்பில் தொண்ணூற்றாறு.

"இது ஒண்ணுதாங்கய்யா அவர் குரல்ல தேறினது," என்றாள் நிறைமதி, கோயிலில் நிற்பவள் மாதிரி. "அதான் வாசல்ல போட்டிருக்கோம்."

சேவுகன் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு நாடாவை முன்கூட்டியே ஓடவிட்டது அவர் செய்த பிசகு.

நாற்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய மாசி மாசம். ஆத்தாளுக்குக் காய்ச்சல் கண்டு, பிழைத்து எழுந்தால் முடி தருகிறேன் என்று பழனிக்கு வேண்டிக்கொண்டார் சேவுகன். ஆத்தா பிழைத்தாள். நடந்தே போய் மொட்டை போட்டு, தலையில் அப்பிய சந்தனத்தோடு நேரே வேலைக்கு வந்தார். அன்றைக்குத்தான் ராக்குவை ஒப்பாரி பாட வரச் சொல்லியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை வந்து, பாடாமலே திரும்பிப் போனவள் அவள். "சாவில்லாம மாரடிக்க மாட்டேன் சாமி. தப்பு," என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். நாகலிங்கம் இவருடைய மொட்டைத் தலையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சந்தனத்தைத் துடைக்கச் சொன்னார். சேவுகன் துடைத்தார். தோள் துண்டாலேயே துடைத்தார்.

நாடாவில் ராக்குவின் குரல் வந்தது. "யாருப்பு தவறுனது? ஆத்தாளா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முப்பது வயசுச் சேவுகனின் குரல்.

"ஆமா."

தொண்ணூற்று மூன்று.

சேவுகன் அந்த எண்ணையே பார்த்தார். அந்தச் சொல்லைச் சொன்ன நொடியில் ஆத்தா நிஜமாகவே பாடையில் கிடப்பது போலக் கண்ணில் தெரிந்து உடம்பு உதறியது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த உதறலைத்தான் இது மெய் என்கிறது.

அப்புறம் பாட்டு.

"கலயத்துக் கஞ்சி ஆறலையே – என்னப் பெத்த ஆத்தா
கதவு இன்னும் சாத்தலையே
மொட்டத் தல காயுதுன்னு – ஒம் மகனுக்கு
முந்தான போட ஆளில்லையே..."

சிட்டு அழுதாள். நிறைமதியும் கண்ணைத் துடைத்தாள். சேவுகன் அழவில்லை. பாட்டோடு போயிருந்தால் அவர் மறந்துகூட இருப்பார். ராக்கு அதோடு விடவில்லை. அடுத்த தை மாசம் பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றாள், கையில் அவித்த பனங்கிழங்கோடு. "தாயில்லாப் புள்ள. ஆத்தா இருந்தா அவிச்சுக் குடுத்திருப்பா." வருஷா வருஷம் வந்தாள். சேவுகன் வாங்கிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆத்தாளிடம் கொடுத்தார். கிழவி நாரை உரித்துத் தின்றுகொண்டே, "ருசியா இருக்கேடா, யாரு குடுத்தா?" என்பாள். "ஆபீசுல குடுத்தாக" என்பார்.

அதோடாவது போயிற்றா? பதினோரு வருஷம் கழித்து, ஒரு மார்கழியில் ஆத்தா நிஜமாகவே செத்தாள். கொள்ளி வைத்து மொட்டை அடித்தார். தை பிறந்ததும் ராக்கு கிழங்கோடு வந்தாள். தலையைப் பார்த்தாள். "என்னப்பு, பழனிக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார்.

பாட்டு முடிந்தது. நிறைமதி நெஞ்சுமானியை அவர் முன் வைத்தாள். "இப்ப உங்க ஒப்புதல். ராக்கு அம்மா இதை மெய்யான சாவுக்குத்தான் பாடினாங்களா?"

"இல்ல," என்றார் சேவுகன். "எங்க ஆத்தா அன்னைக்கு உசுரோட இருந்துச்சு. பழனி மொட்டை அது. நான் பொய் சொன்னேன். ராக்குவ ஏமாத்திப் பாட வச்சோம்."

எல்லோரும் எண்ணைப் பார்த்தார்கள்.

எட்டு.

நிறைமதி பெட்டியைத் தட்டினாள். "இன்னொருவாட்டி சொல்லுங்கய்யா."

சொன்னார். ஆறு.

குளிக்கும்போதும், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும், படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்க்கும்போதும் நாற்பத்துநாலு வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி வழவழவென்று தேய்ந்துபோன வார்த்தைகள். நாகலிங்கத்தின் பாடம் மாதிரி. அதில் நடுங்க என்ன இருக்கிறது?

"வெளங்காத பெட்டி!" சேவுகன் மேசையில் அறைந்தார். "இது நெஞ்சை அளக்கல தாயி. நடுக்கத்தை அளக்குது. பயத்தை அளக்குது. நீங்க அத்தனை பாடத்தையும் அழிச்சுட்டு உக்காந்திருக்கீங்க!"

நிறைமதி முகப்பைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பேச்சுக்குப் பதினொன்று.

"கோவிச்சுக்காதீங்கய்யா. எழுபது இல்லாம நான் இதை எழுத முடியாது. நாடாவுலயே உங்க 'ஆமா' இருக்கே, தொண்ணூத்துமூணுல."

சிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"ஆத்தா அன்னைக்கு உசுரோட இருந்துச்சுங்கிறாரே," என்று நிறைமதியிடம் மெதுவாகச் சொன்னாள். "பாவம், இன்னமும் மனசு ஒத்துக்கல பாரு."

"இல்ல சிட்டு. நெசமா..."

"எங்கம்மா சாகுறப்பக்கூட ஒண்ணுதாண்ணே சொல்லுச்சு. 'எத்தனையோ எழவுல பாடியிருக்கேன், ஒருநாளும் பொய்யாப் பாடுனதில்ல. யுனிவர்சிட்டியில கூப்பிட்டப்பகூட அந்தத் தம்பி ஆத்தாளுக்குத்தான் பாடுனேன்'னு. அந்த நெனப்போடதான் கண்ணை மூடுச்சு." பனங்கிழங்குக் கட்டை அவர் மடியில் வைத்தாள். "இந்த வருசம் கிழங்கு நல்லா வெளஞ்சிருக்கு. அம்மா இருந்தா கொண்டாந்திருக்கும்."

கட்டு இன்னும் சூடாக இருந்தது. அவித்ததுமே கொண்டுவந்திருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணே, எனக்காக. எங்கம்மா ஒங்க ஆத்தாளுக்காகத்தான பாடுச்சு?"

சேவுகன் அவள் முகத்தைப் பார்த்தார். ராக்குவின் முகம்தான். அதே மாதிரி தலையைச் சற்றுச் சாய்த்து, பதிலுக்குக் காத்திருக்கிற முகம். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். உடம்பு உதறியது.

"ஆமா."

நிறைமதி "ஆங்!" என்று கத்தியே விட்டாள். தொண்ணூற்றொன்பது. அந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் எடுக்காத எண். "இதையும் பாட்டோட சேர்த்தே வச்சுக்கிறேங்கய்யா. காலத்துக்கும் இருக்கும்," என்றாள். முத்திரை விழுந்த சத்தம் கேட்டது.

சிட்டு பேருந்து நிறுத்தம் வரை கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தனியே நடந்தார் சேவுகன். வாசல் வளைவுக்குக் கீழே இரண்டு மாணவிகள் பித்தளை எழுத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, நீங்க அவர்கூட வேலை பார்த்தவராமே? இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கழுத்தில் நெஞ்சுமானி தொங்கியது.

சேவுகன் நாகலிங்கத்தின் படத்தை ஒருதடவை நிமிர்ந்து பார்த்தார். சொல்லலாம். சொன்னால் எட்டு வரும்.

தோள் துண்டை எடுத்தார். முடி கொட்டி வெறுமையாகிப்போன தலையை, ஒன்றுமே இல்லாத தலையை, அழுந்தத் துடைத்துக்கொண்டு பேருந்தைப் பார்க்க நடந்தார்.