கத்தரிக்காய் மாடு

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மிட்சுயோ முடிவு பண்ணிவிட்டாள். புருஷன் தோகிச்சி செத்த பிறகு வரும் தலை ஓபோன்; இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் பண்டிகை. பெண்டாட்டி தலைகாட்டாவிட்டால் ஊர் காறித் துப்பும். இன்று கடைசி நாள். வாசலில் அவனை வழியனுப்பும் தீயை மூட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸிலேயே அக்கா வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அப்புறம் இந்த வீட்டோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

வேறெப்படி இருப்பாள்? வெளியே கிளம்பும்போதெல்லாம் அவளை உள்ளறையில் விட்டு, இழுவைக் கதவின் தடத்தில் கட்டையைச் செருகிவிட்டுப் போனவன் அவன். 'டக்' என்ற அந்தச் சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

மாமியார் குமே வாய் நிறைய வரவேற்றாள். பூஜை மாடத்தில் ஊதுபத்தி புகைந்தது. செத்தவர்கள் வெள்ளரிக்காய்க் குதிரையில் ஓடோடி வருவார்கள். பண்டிகை முடிந்ததும் கத்தரிக்காய் மாட்டில் ஆடி அசைந்து திரும்புவார்கள். மாடத்தில், வெள்ளரிக்காயில் குச்சிகளைக் கால்களாகச் செருகிய குதிரை நின்றது. மாட்டைக் காணோம். தீ மூட்டும்போது வைப்பாளாக்கும் என்று மிட்சுயோ நினைத்துக்கொண்டாள்.

சோறும், மிசோ என்ற சோயா விழுதில் வதக்கிய கத்தரிக்காயும் போட்டாள் குமே. பசிக்கு அமிர்தமாக இருந்தது. கடைசி வாயில் பல்லில் ஏதோ குத்தியது.

முறிந்த குச்சி.

மாட்டின் கால்.

"அத்தை... இது..."

"வந்ததுலேருந்து கேட்டுட்டே இருக்கான்டி, மிட்சுயோ எங்கேன்னு." குமே தலை நிமிரவில்லை. "தனியாப் போக மாட்டேங்கிறான். மாடு இப்ப உன் வயித்துல இருக்கு. இனி அவனை நீதான் சுமக்கணும்."

மிட்சுயோ செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். தீ மூட்டவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் தோள் கனத்தது. பிடரியில் அவனுடைய புகையிலை வாடை. கால் வேகமாக எட்டு வைக்க மறுத்து, ஆடி அசைந்தே நடந்தது.

அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். டீ கொடுத்துப் படுக்கச் சொன்னாள். மிட்சுயோவின் அறைக்குக் கதவு கிடையாது; வெறும் திரைதான். கதவு வைத்த அறையே வேண்டாமென்று அவளே கேட்டு வாங்கிய இடம் அது. படுத்ததும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

டக்.

பதறி எழுந்து திரையைப் பிடித்தாள். பூப்போட்ட மெல்லிய பருத்தித் துணி. இரண்டு கைகளாலும் தள்ளினாள்.

அது அசையவில்லை.