அம்மா பாட்டுக்கு ஒரு ஹெட்போன்

எனக்குக் காது கொஞ்சம் விடைத்துக்கொண்டு வெளியே நிற்கும். எங்கள் அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அப்படி, அதனால் எனக்கும் அப்படி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் உலகத்தில் இருப்பதே ஹெட்போன் செய்கிறவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. பக்கத்து வீட்டு தனுஷ் அண்ணனிடம் இரவல் வாங்கிய ஹெட்போனைப் பத்து நிமிடம் மாட்டினால் போதும், காது மடல் கன்றிப்போய்விடும். கம்மல் வேறு குத்தும்.

அந்த ஹெட்போனை வைத்துக்கொண்டுதான் அம்மாவின் பாட்டைக் கெடுத்தேன்.

என் பெயர் மாரிச்செல்வி. முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம், ஏழாம் வகுப்பு. எங்கள் ஊரில் முளைப்பாரித் திருவிழா வந்தால் பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டுவார்கள். ஒருவர் முதலில் பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அப்படி முதலில் பாடுகிறவர் என் அம்மா முருகேஸ்வரி. மைக் இல்லாமலே அம்மா குரல் ஊரணிக் கரை வரைக்கும் போகும்.

போன மாசியில் அம்மாவுக்குத் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். அம்மா இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். குரல் மட்டும் மெலிந்துபோய்விட்டது. கத்தக்கூடாது, மெதுவாகத் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"இந்த வருசம் நான் பாடல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வாசலைக் கூட்டப் போனாள். அது ஏற்கெனவே கூட்டிய வாசல்.

எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் ஒரு கீபோர்டு இருக்கிறது. செல்போனில் பாட்டைப் பதிந்து கலக்கும் செயலியும் இருக்கிறது. அம்மா குரல் தனியாக, கீபோர்டு தனியாக, மேளம் தனியாகப் பதிய வேண்டும். பிறகு எது எவ்வளவு சத்தம் என்று கூட்டிக் குறைத்து ஒன்றாக்க வேண்டும். அதைக் கோயில் ஒலிபெருக்கியில் போட்டால் அம்மா கத்தவே வேண்டாம்.

அம்மாவைக் கெஞ்சி உட்காரவைத்துப் பதிந்தேன். சரியாக வரவில்லை என்று ஐந்து முறை பாடச் சொன்னேன்.

ரேடியோ செட் போடும் வீரமணி மாமா, மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் அதைப் போட்டுப் பார்த்தார். கீபோர்டு கீச்சென்று கத்தியது. மேளத்தைக் காணோம். அம்மா குரல் கொசு மாதிரி எங்கோ கேட்டது. ஊரணியில் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "விடுடி. வேற யாராச்சும் பாடட்டும்" என்றாள்.

கும்மிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தனுஷ் அண்ணன் ஹெட்போனில் எந்தப் பாட்டைப் போட்டாலும் தொம் தொம் என்று மேளம்தான் முன்னால் நிற்கும். அதனால் கீபோர்டு அமுங்குகிறதே என்று அதைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். குழாயில் அந்தத் தொம் தொம் வராது. கூட்டிவைத்த கீபோர்டு மட்டும்தான் வரும். ஹெட்போன் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறது.

"அய்யா, எனக்கு ஒரு ஹெட்போன் வேணும். பொய் சொல்லாத ஹெட்போன்" என்றேன்.

அய்யா ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தார். "மனுசங்கள்லயே அப்படி ஆளு கெடைக்கல, நீ ஹெட்போன்ல தேடுற" என்றார். ஆனால் மறுநாளே பரமக்குடிக்குக் கூட்டிப்போனார்.

கடைக்காரர் பெயர் ஜாபர் சாதிக். மேசை முழுக்கப் பெட்டிகளை அடுக்கிவிட்டார். சிவப்பு விளக்கு எரிகிற ஒன்றை முதலில் அய்யா தலையில் மாட்டி ஒரு பாட்டைப் போட்டார். அய்யாவுக்குக் கண் விரிந்தது.

"யாத்தே, திருவிழாக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. இதையே எடுத்துக்கத்தா."

"அந்தப் பாட்டு வேணாம். என் பாட்டைப் போட்டுப் பாக்குறேன்" என்று செல்போனில் அம்மா பாட்டைப் போட்டேன். தொம் தொம். தனுஷ் அண்ணன் ஹெட்போனின் தம்பிதான் இது.

அடுத்தது ஒயர் இல்லாதது. பஞ்சு மாதிரி இருந்தது, காதும் வலிக்கவில்லை. ஆசையாக செல்போனிலேயே கீபோர்டைத் திறந்து ஒரு கட்டையைத் தட்டினேன். தட்டி, விரலை எடுத்த பிறகுதான் சத்தம் வந்தது.

"இது பாட்டு கேக்க நல்லது, பாய். வாசிக்க ஆகாது. நான் தட்டுனதும் வரணும்" என்றேன்.

ஜாபர் சாதிக் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். பிறகு ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். கறுப்பு நிறம், நீளமான ஒயர், விளக்கு கிடையாது. பார்க்க ஒரு அழகும் இல்லை.

"இதை யாரும் கேக்குறதில்லம்மா. போட்டுப் பாத்துட்டு சப்புன்னு இருக்குன்னு வச்சிட்டுப் போயிருவாங்க" என்றார்.

மாட்டினேன். என் முழுக்காதும் கம்மலோடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் கடையில் ஒரு நிமிடம் சுகமாக இருப்பது பெரிய விஷயமில்லை.

"பாய், கொஞ்ச நேரம் இதை மாட்டிக்கிட்டே இங்கன உக்காந்திருக்கலாமா?"

"தாராளமா இரு. அண்ணே, நீங்க வாங்க, டீ சாப்பிட்டு வருவோம்."

கடைப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். நான் அம்மா குரலை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன்.

எல்லாம் கேட்டது. மின்விசிறி கடகடவென்றது. ஆடு ஒரு முறை கத்தியது. அம்மா வளையல் உரசியது. இதெல்லாம் உள்ளே இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் அந்த வரி வந்தது. 'ஒரு சாண் வளந்த பாரி ஊரணிக்குப் போகுதடி.' 'ஊரணி' என்கிற இடத்தில் பாட்டு மேலே ஏறும். அதற்கு முன்னால் அம்மா மூச்சை இழுத்தாள். மூச்சோடு 'ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். முள் குத்தினால் வருமே, அந்தச் சத்தம்.

இரண்டாம் முறை பாடியதைப் போட்டேன். அதிலும் இருந்தது. ஐந்து முறையும் இருந்தது.

அம்மாவுக்கு வலித்திருக்கிறது. நான் 'இன்னொரு தரம்மா, இன்னொரு தரம்மா' என்று கேட்டிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது.

அய்யா திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். "என்னத்தா, காது வலிக்குதா?"

"இல்லய்யா. எனக்கு இதுதான் வேணும்."

"மத்ததுல எல்லாம் ஜோராக் கேட்டுச்சே."

"ஆமா, எல்லாமே ஜோராத்தான் கேட்டுச்சு. அதான் வேணாம்."

அய்யாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் வாங்கிக்கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனேன். "அம்மா, அந்த ஊரணி வரியில ஒனக்கு வலிக்குதா?"

அம்மா கரண்டியை வைத்தாள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேட்டுச்சு."

அம்மா அடுப்பைத் தணித்தாள். "கும்மிப் பாட்டுன்னா மேல எடுத்துத்தான்டி பாடணும். ஊரணிக் கரையில நிக்கிறவளுக்கும் கேக்கணும்ல. எங்க அம்மா அப்படித்தான் பாடும், நானும் அப்படித்தான்."

"அது மைக் இல்லாத காலத்துலம்மா. ஊரணிக் கரைக்குக் கேக்க வைக்கிறது வீரமணி மாமா வேலை. அதுக்குத்தான் அம்புட்டுப் பெரிய குழாயைக் கட்டிவச்சிருக்காரு. நீ எதுக்குக் கத்தணும்?"

கீபோர்டில் சுருதியை நான்கு கட்டை இறக்கினேன். முதல் வரியை வாசித்துக் காட்டினேன்.

"என்னடி இது, தூங்கப்போடுற பாட்டு மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"பாடித்தான் பாரேன். வலிச்சா நிப்பாட்டிரு."

மின்விசிறியை அணைத்தேன். ஆட்டை அய்யா ஓட்டிக்கொண்டு போனார். அம்மா மெதுவாகத் தொடங்கினாள். நான் கறுப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். மூச்சு வந்தது. வெறும் மூச்சு. 'ஊரணி' தட்டாமல் ஏறி இறங்கியது.

ஒரே முறைதான் பாடினாள். நான் இன்னொரு முறை கேட்கவில்லை.

பிறகு மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே வேலை. அம்மா குரலை முன்னால் வைத்தேன். மேளம் குழாயில் வராது என்பதால், கைத்தட்டலைப் பதிந்து சேர்த்தேன். கீபோர்டைப் பின்னால் போய் உட்காரச் சொன்னேன். என் காது கன்றவில்லை, நேரம் போனதும் தெரியவில்லை.

கும்மி அன்று சாயங்காலம் அம்மா வட்டத்துக்கு வரவில்லை. வேப்பமரத்தடியில் ஓரமாக நின்றுகொண்டாள். அவளுக்குப் பயம். உண்மையைச் சொன்னால் எனக்கு அதைவிடப் பயம்.

வீரமணி மாமா பாட்டைப் போட்டார்.

குழாயிலிருந்து அம்மா வந்தாள். சன்னமாக, அடக்கமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. பெண்கள் ஒரு நொடி தயங்கினார்கள். பிறகு கை தட்டித் திருப்பிப் பாடினார்கள். சுருதி இறங்கியிருந்ததால் எப்போதும் வாயை மட்டும் அசைக்கிறவர்கள்கூட வாய்விட்டுப் பாடினார்கள்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த சேதுலட்சுமி அக்கா, தட்டிக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினாள். "யாருக்கா இது, இம்புட்டு நல்லாப் பாடுறது?"

அம்மா குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாந்தேன்" என்றாள்.

சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் போனாள். அடுத்த வரியைக் குழாய் பாடும் முன்னாலேயே எடுத்துப் பாடிவிட்டாள்.