அழகுமுத்து அனுப்பிய வேலை

மூலையில் அணைத்து வைத்திருந்த கணினியின் விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

மழைச் சத்தம் என்றுதான் றமணன் முதலில் நினைத்தான். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே, மலையைச் செங்குத்தாக வெட்டிக் கட்டிய அந்த ஆபீஸில் ஆடி மாதத்துப் பகல் பாதியிலேயே இருண்டுவிடும். தகரக் கூரையில் மழை ஓயாமல் இரையும், மூடுபனி சன்னல் இடுக்கால் நுழைந்து கடதாசியையும் சட்டைக் கொலரையும் நனைக்கும், கூடவே ஃபெக்டரியில் வாட்டும் தேயிலைக் கொழுந்தின் வாசமும் வரும். ஆனால் இந்த இரைச்சல் மூலையிலிருந்து வந்தது. வயரைப் பிடுங்கி அவனே ஒதுக்கி வைத்த பெட்டி அது.

பழைய கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, பெரிய கணக்குகளை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது றமணனின் உத்தியோகம். எந்த மலை சரியும், எந்தத் தோட்டத்தில் எவ்வளவு கொழுந்து வரும் என்ற கணக்கெல்லாம் ஒரே கியூவில் வந்து நிற்கும். கறுப்புத் திரையில் அவன் அடிக்கும் ஒரு சொல்லுக்கு ஒன்று ஓடும், ஒன்று நிற்கும், ஒன்று இல்லாமல் போகும். மலைகளை அளந்து வரும் உதவியாளன் அழகுமுத்து அதைப் பெரட்டு என்பான். காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆளை மலைக்கு அனுப்புவதும் இதுவும் ஒன்றுதானே என்று சிரிப்பான்.

போன மாதம் அவன் சிரிக்கவில்லை. தான் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மண் வெடித்திருப்பதைக் கண்டு நனைந்தபடி ஓடி வந்தான்.

"சார், கொஞ்சம் மனசு வைங்க. எங்க லயத்துக் கணக்க முன்னுக்கு விடுங்க. ரிசல்ட்டு இல்லாம தோட்டத்துத் தொரை ஆளுகள கீழ எறக்க மாட்டேங்கிறாரு."

"முதல்ல கொம்பனியின்ர கொழுந்துக் கணக்கு முடியட்டும். உம்மட அவசரத்துக்கு நான் மேலிடத்துக்குப் பதில் சொல்ல ஏலாது."

றமணன் கியூஹோல்ட் என்று அடித்தான். லயத்துக் கணக்கு நின்றது. விடியுமுன் மலை இறங்கியது. அழகுமுத்து, அவன் பெண்டாட்டி காளியாயி, கைக்குழந்தை, அந்த லயத்து ஆட்கள் எல்லாரும் மண்ணுக்குள் போனார்கள். றமணன் செய்த முதல் காரியம், அந்த வேலையையும் அழகுமுத்துவின் பேரையும் கணினியிலிருந்து அழித்தது. பாவி, அன்றைக்கும் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினான்.

நாளைக்கு விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள். கணக்கை நிறுத்தி வைத்த தடயம் எங்காவது மிச்சமிருந்தால் உத்தியோகம் போகும், கம்பி எண்ணும் மறியலும் கிடைக்கும். அதைத் தேடி அழிக்கத்தான் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் கூட்டும் நாகலெட்சுமி மட்டும் வாசலில் தயங்கினாள்.

"மலையில இருந்து கானுல ஓடி வர்ற தண்ணி செவப்பா இருக்குங்க சார். நல்லா இல்ல. நீங்களும் வந்துருங்க."

"நீங்க போங்கோ."

அவள் போன பிறகு கியூஸ்டாட் என்று அடித்துக் கியூவைப் பார்த்தான். ஒரே ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. அனுப்பியவர் அழகுமுத்து. ஓடும் இடம், மூலையில் இருந்த அந்தப் பெட்டி.

"செத்தும் கரைச்சல் தாறான்" என்று முணுமுணுத்து, கியூடெல் அடித்தான். வேலை போனது.

மறுபடி பார்த்தான். வேலை இருந்தது.

அடித்தான். வந்தது. அடித்தான். வந்தது. பயம் ஏற ஏற விரல் வேகமாக ஓடியது. எந்த மலையின் கணக்கு என்று ஒரு தடவையாவது படித்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. கொழுந்து வாசம் நின்றுபோயிருந்தது. அந்த இடத்தில் பச்சை மண்ணின் வாசம். விரல் நுனியில் ஏதோ நெருடியது. விசைப்பலகை எழுத்துகளுக்கு நடுவில் செம்மண், ஈரமாக.

கூரையில் மழைச் சத்தம் இல்லை.

அப்போதுதான் வேலையின் பேரைப் படித்தான். ஆபீஸ் பின்மலை.

இவ்வளவு நேரமும் அவன் அழித்துக்கொண்டிருந்தது அந்தக் கணக்கைத்தான். இப்போது அது முடிந்திருந்தது. முடிவைத் திறந்தான்.

சரியும். ஆட்களை இறக்கவும்.

அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத்தெழுத்தாக வந்தது. றமணன், ஹோல்ட்.

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கால் இருந்தது. அசையவில்லை. கத்தினான். நாகலெட்சுமி எந்தத் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தாளோ.

பின்சுவர் முனகியது.

சன்னலைப் பார்த்தான். மூடுபனி இல்லை. வெளிச்சமில்லை. கண்ணாடியின் உச்சிவரை மண், மண்ணுக்குள் தேயிலை வேர், வேருக்கு நடுவில் ஒரு வளையல் கை. பிறகு முகங்கள். காளியாயி. அவள் தோளில் குழந்தை. பக்கத்தில் அழகுமுத்து, வாய் நிறைய மண்.

அந்த வாய் அசைந்தது. அவனிடம் அல்ல, தன் ஆட்களிடம் பேசியது.

"நல்லா நகருங்க. சார் வர்றாரு."

தோளோடு தோளாக இறுகிக் கிடந்தவர்கள் மண்ணுக்குள்ளேயே மெல்ல, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு விலகினார்கள். நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் திறந்தது.