இருபது போர் தோட்டா

பைக்குள் கைவிட்ட நெவிலின் விரலில் ஒல்லியான தோட்டா ஒன்று தட்டுப்பட்டது. அது அங்கே இருக்கவே கூடாது. நேற்று மாலை சமையலறை மேசையில் அவனே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவை அத்தனையும் தடித்த பன்னிரண்டு போர், பெரிய குழல் அளவுக்கானவை. எஃகு ரவை, வாத்துக்குத் தோதான மூன்றாம் நம்பர். மனைவி ரூத்தின் சின்னத் துப்பாக்கிக்கென்று வாங்கிய ஒல்லியான இருபது போர் தோட்டாக்களைப் போன வருஷமே ஆற்றில் கொட்டிவிட்டிருந்தான்.

இருபது போர் தோட்டா எப்போதும் மஞ்சளாகத்தான் வரும், பெரியதோடு கலந்துவிடக் கூடாதென்று. விடியாத நேரத்தில் மஞ்சளாவது சிவப்பாவது. அதை, வாத்துக்காகப் பதுங்கியிருந்த மறைவின் விளிம்புக்கு அப்பால் குளத்தில் எறிந்தான். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மானுகாப் புதர்க் கிளைகளைச் செருகிய தகரச் சுவர்களுக்குள் சேறும் துப்பாக்கி எண்ணெயும் கலந்து நாறின. பலகைக்கு அடியில் தண்ணீர் யாரோ மெல்ல நடப்பதுபோல் சளக்சளக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. வாத்து வேட்டையின் முதல் நாள் என்பதால் எதிர்க்கரை மறைவுகளில் எல்லாரும் சுட அனுமதியுள்ள ஆறரை மணிக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். ரூத் தன் அண்ணன் டெஸ்மண்ட் உட்காரும் இடத்தில், அப்பாவின் பழைய பன்னிரண்டு போர் இரட்டைக்குழலோடு உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் டெஸ்மண்ட் அங்கிருந்துதான் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினான், “ஒன்னு குடு மச்சான்” என்று. வாத்துகள் மேல் கண்ணை வைத்தபடியே நெவில் சட்டைப் பையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தான். அது ரூத்தின் இருபது போர். பெரிய குழலில் வழுக்கி இறங்கி நடுவில் சிக்கிக்கொண்டது. டெஸ்மண்ட் விசையை இழுத்தான், வெடிக்கவில்லை. திறந்தான், காலியாகத் தெரிந்தது. போட மறந்துவிட்டோமென்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டான். குழல் அவன் முகத்தருகே வெடித்தது.

டெஸ்மண்டே தோட்டாவை மாற்றிப் போட்டுவிட்டான் என்று விசாரணையில் முடிவானது. நெவில் தலையாட்டினான். அன்றிலிருந்து ரூத் செத்த அண்ணனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நெவிலுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும்.

“ஒரு தடவ குழல எட்டிப் பாத்திருந்தா போதும்,” என்றாள் இப்போதும். “அவசரக்குடுக்க. போய்ச் சேந்துட்டான்.”

“ரூத், அந்தத் தோட்டா...”

“எந்தத் தோட்டா?”

“ஒன்னுமில்ல. டீ ஆறிடப் போவுது.”

பையில் மறுபடி கைவிட்டான். ஒல்லி. அடுத்ததும் ஒல்லி. அதற்கடுத்தது ஈரமாக இருந்தது. கையை உதறி எடுத்தான்.

ரூத் தன் துப்பாக்கியை மடித்துத் திறந்து அவனிடம் நீட்டினாள். அந்தச் சாவுக்குப் பிறகு வந்த வழக்கம். ஒருவர் குழலை இன்னொருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தோட்டா போடுவார்கள்.

வெளுக்கத் தொடங்கிய வானத்தை நோக்கிக் குழலைத் தூக்கிப் பார்த்தான்.

வலது குழலில் சாம்பல் வட்டமாக வானம்.

இடது குழலில் வானம் இல்லை. ஒரு கண்.

இமைமுடி கருகியிருந்தது. சிமிட்டியது. டெஸ்மண்டின் கண். அதில் கோபம் இல்லை. காத்திருந்தது.

“என்ன, அடைச்சிருக்கா?”

ஆமாம் என்றால் என்ன அடைத்திருக்கிறது என்பாள். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

“சுத்தமா இருக்கு,” என்றான்.

ரூத் நம்பினாள். தன் இடுப்புவாரிலிருந்து இரண்டு தோட்டாக்களைப் போட்டு மூடினாள். எதிர்க்கரையில் முதல் வெடி. தலைக்கு மேல் சிறகுகள். அவள் எழுந்தாள்.

நெவில் வாயைத் திறந்தான்.

துப்பாக்கி அவள் தோளுக்கு உயர்ந்தது. குழல் அவனைக் கடந்து திரும்பியபோது, அதன் வாயிலிருந்து அந்தக் கண் அவனை மட்டுமே பார்த்தபடி மேலே போனது. ரூத்தின் கன்னம் கட்டையில் பதிந்தது. அவள் விரல் விசைக்கு வந்துவிட்டது.