பங்கர் கதவு

மாத்திரைப் பெட்டியில் வியாழக்கிழமைக் குழி காலியாக இருந்தது.

அன்று புதன்கிழமைதான்.

சஜீதா பெட்டியை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். ஞாயிறு மாலை ஏழு குழிகளையும் தன் கையாலேயே நிரப்பியிருந்தாள். முதியோர் இல்லத்தில் எட்டு வருடங்களாக முப்பது பேருக்கு மருந்து அடுக்கிய கை அது. அந்தக் கைக்குக் கணக்குத் தப்பாது. வெள்ளியைத் திறந்தாள். அதுவும் காலி. சனியும்.

தொழிற்சாலைக்கு மாலை வேலைக்குப் போயிருந்த கணவன் சந்திரகுமாருக்குப் போன் எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, பிள்ளையின்ர மாத்திரையைத் தொட்டனீங்களோ?”

“நான் ஏன் தொடுறன்? நீ உன்ர கிழவியள் ஆருக்கோ குடுத்திருப்பாய். அந்த மனிசி இப்ப ஸ்கூல் பையைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கும்.” இயந்திரங்களின் இரைச்சலுக்குள் அவன் சிரித்தான். “ஐஞ்சு மணிக்கு அந்தப் பொம்பிளை வருதெல்லோ? பதட்டப்படாத. பிள்ளை இப்ப தங்கம்.”

அந்தப் பொம்பிளை பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்து வருகிறவள். ஒன்பது வயது ஹரிஷா வீட்டில் இருக்கலாமா, விடுதிக்கு அனுப்பப்பட வேண்டுமா என்று இன்றைக்குப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று மூன்று முறை கடிதம் போட்டதன் விளைவு அது. கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. வெறி வந்தால் ஹரிஷா கிண்ணங்களை எறிவாள், தன் இடது மணிக்கட்டைக் கடிப்பாள், சுவரில் தலையை இடிப்பாள். மூன்று இடி. ஒரு மூச்சு. மறுபடி மூன்று. கடித்துக் கடித்து மணிக்கட்டில் கறுத்த தழும்பு ஒன்று வளையல் போல விழுந்திருந்தது. பேர்ண் நகரத்து டொக்டர் தந்த மாத்திரை முதல் ஒரு மாதம் எதையும் மாற்றவில்லை.

மூன்று கிழமைக்கு முன்பு, இதே போல ஒரு புதன்கிழமை, லாங்கன்தால் ஊர் முழுவதும் வாயை மூடிக்கொள்ளும் மதிய ஓய்வு நேரத்தில் ஹரிஷா கத்தத் தொடங்கினாள். கீழ்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் சஜீதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினாள். சுவிஸில் எல்லாக் குடியிருப்புக்கும் கீழே இருப்பது போல அங்கேயும் ஒரு பங்கர் இருந்தது. வராத யுத்தத்துக்காக ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீட் கதவு போட்டுக் கட்டிய அறை. மற்றவர்களுக்கு அது பழைய டயர்கள் வைக்கிற இடம். வன்னியில், ஷெல் விழுந்த நாட்களில் மண்ணுக்கடியில் தாயின் மடியில் கிடந்தவளுக்கு உலகத்திலேயே பிள்ளைக்கு ஒன்றும் ஆகாத இடம் அதுதான்.

“பங்கருக்குள்ள ஒண்டும் ஆகாதம்மா. கத்தி முடி,” என்று சொல்லி வெளியே நின்று கதவைச் சாத்தினாள்.

பத்தே நிமிடம். திறந்தபோது பிள்ளை சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டபடி அமைதியாக வெளியே வந்தது. “வாங்கோ அம்மா, மேல போவம்.”

மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று டொக்டர் எழுதினார். சஜீதாவும் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள்.

இப்போது ஹரிஷா குசினி மேசையில் ஒரு குதிரைக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். கோட்டை விட்டு ஒரு புள்ளி வெளியே போகவில்லை. நாலரை மணிக்கே ஜன்னலில் மூடுபனியும் இருட்டும் ஒட்டியிருந்தன.

“ஹரிஷா, மாத்திரையை நீ எடுத்தனியோ?”

“ஓம் அம்மா.”

“குடிச்சிட்டியோ?”

“எனக்கில்லை. கீழ இருக்கிறவளுக்கு.” பென்சில் நிற்கவில்லை. “குடுக்காட்டி அவள் கத்துவள்.”

ஹீட்டர் குழாய்க்குள் ஏதோ அதிர்ந்தது. சஜீதா காதை வைத்தாள். வெதுவெதுப்பான இரும்புக்குள்ளே, மிகத் தூரத்தில்,

டொம். டொம். டொம்.

ஒரு மூச்சு.

டொம். டொம். டொம்.

அவள் படிகளில் இறங்கினாள். ஒவ்வொரு தளமாகச் சவர்க்காரத் தூளின் வாசனை குறைந்து, ஈரக் கொங்கிறீட்டும் பழைய ரப்பரும் நாறும் குளிர் மேலே ஏறி வந்தது. நிலவறையில் தானாக அணையும் விளக்கைப் போட்டாள். பாதி நடையில் அது அணைந்தது. இருட்டில் ஒரு சிறிய கை அவள் கைக்குள் நுழைந்தது. பின்னால் பிள்ளை வந்த காலடி கேட்கவே இல்லை.

விரலால் தடவினாள். மெதுவாக. சட்டைக் கையை விலக்கி இடது மணிக்கட்டை.

வழவழப்பு. புதுச் சவர்க்காரக் கட்டி போல.

தழும்பு இல்லை.

மூன்று கிழமை. குளிப்பாட்ட விடவில்லை. உடுப்பு மாற்றவும் விடவில்லை. பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று பெருமையாகச் சிரித்தது நினைவு வந்தது.

சுவிட்சை மறுபடி அழுத்தினாள். எதிரே பங்கர் கதவு. வாசற்படியில் வெள்ளையாக ஒரு மாத்திரை. சனிக்கிழமையுடையது.

நெம்புகோலை இழுத்தாள். கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

இடி நின்றது.

கீழே, தரையோரம், இடைவெளியில் ஒரு கை வந்தது. மூன்று கிழமை வெட்டாத நகங்கள். மணிக்கட்டில் கறுத்த வளையல். அது தடவித் தடவி மாத்திரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. விழுங்கும் சத்தம். தண்ணீர் இல்லாமல்.

“அம்மா.” கத்திக் கத்திக் கிழிந்த குரல். “நான் இனிக் கத்தமாட்டன்.”

மேலே, தெருக்கதவு திறந்தது. குதிகால் செருப்பு. “ஃபிராவ் சந்திரகுமார்?” என்று ஒரு பெண் குரல்.

“வந்துவிட்டோம்!” என்று அழகான ஜெர்மனில் பதில் கொடுத்தது பக்கத்தில் நின்ற பிள்ளை. பிறகு தமிழில், மெல்ல: “அவள் வெளிய வந்தால் கொண்டு போயிடுவினம் அம்மா. நான் எண்டால் கொண்டு போகமாட்டினம்.”

அது தன் உள்ளங்கையைக் கதவில் வைத்துத் தள்ளியது.

இழுக்க வேண்டும். சஜீதா கையைக் கதவில் வைத்தாள். இழுக்கத்தான் வைத்தாள். செருப்புச் சத்தம் நிலவறைப் படியைத் தொட்டது. விளக்கு அணைய இன்னும் சில விநாடிகள்.

இடைவெளியின் ஓரத்தைப் பிடித்தபடி நாலு சிறு விரல்கள். கதவு நகர்ந்தது. அவை விடவில்லை.

கொங்கிறீட்டின் மேல் இரண்டு கைகள் தள்ளிக்கொண்டிருந்தன. பெரிய கை அவளுடையது.